துண்டு போட்ட இடம்

சென்னையில் தானாக நகரும் படிக்கட்டில் ஏறி, இறங்குகிற இடம் தெரியாமல் மூன்று நாள் அதிலேயே போய்க்கொண்டிருந்தவன் நான். முதல் நாள் பசி தெரியவில்லை. இரண்டாம் நாள் எதிர்ப் படிக்கட்டில் இறங்கி வந்த ஒரு புண்ணியவதி, எங்கள் படிகள் இரண்டும் நேருக்கு நேர் வந்த நொடியில் என் கையில் இரண்டு இட்லியை வைத்துவிட்டுப் போனாள். சட்னி அடுத்த சுற்றில்தான் வந்தது.

இதை ஒதியம்பட்டு வீரமணி டீக்கடையில் நான் சொன்னபோது ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "அப்பறம் மூணாம் நாளு எப்பட்றா எறங்கன?" என்று கவலையாகக் கேட்டான். அவன்தான் சூசைநாதன்.

என் பெயர் தங்கவேல். வயது எழுபத்தொன்று. கரும்பு போடுகிறேன், பொய் சொல்கிறேன். பொய்யில் எனக்கு ஊரில் போட்டி கிடையாது. கரும்பில் சமீபமாகக் கொஞ்சம் இருக்கிறது. சூசைநாதன் நிலம் என் நிலத்துக்கு மேற்கே. நடுவில் இருப்பது ஒரு வரப்பு. அந்த வரப்பில் உட்கார்ந்து ஐம்பது வருடமாக நான் சொன்னதையெல்லாம் அவன் நம்பினான். சனிக்கிழமை தவறாமல் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போகிறவன். பொய் பாவம் என்று அவனுக்குத் தெரியும். ஒரு மனிதன் இவ்வளவு பாவத்தைச் சும்மா பொழுதுபோக்காகச் செய்வான் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

பொய்க்காரனுக்குச் சிரிக்கிற எட்டுப் பேர் எப்போதும் கிடைப்பார்கள். நம்புகிற ஒருவன் கிடைப்பது பூர்வ ஜென்மப் புண்ணியம். அந்த ஒருவனை நான் எப்படித் தொலைத்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். இதில் பொய் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

உண்மையில் நான் சென்னைக்குப் போனது இரண்டே முறை. பேரப்பிள்ளைக்குக் காது குத்த ஒரு தடவை, எனக்குக் கண் ஆபரேஷனுக்கு ஒரு தடவை. இரண்டாவது தடவை கண்ணையும் கட்டிவிட்டார்கள். அங்கே தியேட்டர் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் வீரமணி கடையில் சென்னைத் தியேட்டர்களைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் இல்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து கட்டிலாகிவிடும் என்றேன். அது உண்மை, மகள் சொன்னது. மேற்கொண்டு ஒரு வார்த்தையும் சேர்த்தேன்.

"அங்க எடம் புடிக்கறது லேசு இல்லடா சூசை. கதவு தொறந்த ஒடனே பூந்து துண்டப் போட்டுடணும். துண்டு கெடக்குற சீட்ட மேயரே வந்தாலும் தொடமாட்டான். நின்னுக்குனுதான் படம் பாப்பான்."

அவன் நம்பாமல் என்ன செய்வான்? எங்கள் பக்கத்தில் அதுதானே சட்டம். பாண்டிச்சேரி பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி எறிவோம். விழுந்த சீட் நம்முடையது. பையை வீசினாலும் செல்லும், செருப்பை வீசினாலும் செல்லும். பஸ்ஸுக்குள்ளே ஏற்கெனவே ஏறிவிட்டவன்கூட அந்தத் துண்டைத் தொடமாட்டான். நிலப் பத்திரத்தில் வில்லங்கம் வரும். துண்டில் வராது.

போன சித்திரையில் என் மகள் கல்பனா போன் செய்தாள். அவள் சென்னையில் பதினாலு மாடி அடுக்கு வீட்டில் இருக்கிறாள். "அப்பா, வெயிலுக்கு இங்க வந்து ரெண்டு நாள் இரு. மால்ல ஏசி தியேட்டர் இருக்குது, கூட்டினு போறன். சூசை பெரிப்பாவயும் கூட்டினு வா. நான் ஊருக்கு வர்றப்பல்லாம் தியேட்டரப் பத்திக் கேப்பாரு." என் மனைவி ஜெயா வரவில்லை. மாட்டை யார் கறப்பது என்றாள். போகிறபோது சூசைநாதனிடம், "அண்ணே, இவர பாத்துக்கோங்க" என்றாள். அவனும் சரி என்று தலையாட்டினான்.

சூசைநாதன் இரண்டு துண்டும் ஒரு மஞ்சள் பையும் எடுத்துக்கொண்டு வந்தான். அந்தப் பை என் அறுபதாம் கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. மேலே பிள்ளையார், கீழே 'தங்கவேல் – ஜெயா, மணிவிழா, ஒதியம்பட்டு' என்று சிவப்பு எழுத்து. பதினோரு வருடமாக அவன் அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறான். அதன் கைப்பிடிக் காது இரண்டு முறை அறுந்து இரண்டு முறையும் சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்திருக்கிறான். இந்தத் தடவை அதற்குள் இரண்டு படி வேர்க்கடலை வேகவைத்து வைத்திருந்தான்.

"எதுக்குடா இவ்ளோ கல்ல?"

"நீதான சொன்ன, படிக்கட்டுல மூணு நாள் ஆவும்னு. எல்லாருக்கும் அந்த மாதிரி பொம்பள வந்து இட்லி குடுப்பாளா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நல்ல முன்யோசனை என்று பாராட்டிவிட்டு இரண்டு கடலையை உரித்துத் தின்றேன்.

மறுநாள் காலை, சூசைநாதன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஜெயசித்ரா வந்தாள். பேங்கில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். நல்ல புடவை, நல்ல தமிழ். கல்பனா, "எங்க அப்பா, பாண்டிச்சேரி" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

"பாண்டிச்சேரியா! அப்ப பிரெஞ்சு தெரியுமா அங்கிள்?" என்று ஜெயசித்ரா கேட்டாள்.

அவள் கேட்டிருக்கக் கூடாது. எழுபத்தொரு வயதுப் பொய்க்காரனிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்பது, பசி எடுத்த மாட்டின் முன்னால் கதவில்லாத கொல்லையைக் காட்டுவது மாதிரி. நான் சொல்தா என்றேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பாரீசில் பதினோரு வருடம் என்றேன். கடற்கரை ஓரம் வீடு என்றேன். குளிரில் என் மீசை உறைந்து, தும்மியபோது இரண்டாக உடைந்துவிட்டது, அதிலிருந்துதான் மீசை வைப்பதில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. "உங்களைப் பார்த்தாலே தெரியுது அங்கிள், ரொம்ப டீசன்ட்" என்றாள். கல்பனா எங்களுக்கு டிக்கெட் எடுத்திருந்த அதே படத்துக்குத்தான் தானும் தன் வீட்டுக்காரரும் வருவதாகவும், அங்கே பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஊரில் எட்டுப் பேர் சிரிப்பார்கள், ஒருவன் நம்புவான். படித்தவள், பேங்குக்காரி, என்னை நம்பியது அதுதான் முதல் தடவை. சாராயம் குடித்த மாதிரி இருந்தது.

சூசைநாதன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"டேய், நீ பாரீசுக்கு எப்படா போன? கரும்பு வெட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?"

"சும்மா சொன்னன்டா."

"ஓ" என்றான். துண்டைப் பிழிந்தான். "நான் அதான் நெனச்சன். போயிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பல்ல?"

பகல் காட்சிக்குப் போனோம். மால் என்றால் எங்கள் ஊர்த் திருவிழாவை எடுத்துக் கூரை போட்டு, குளிரூட்டி, சத்தத்தை மட்டும் கழித்த மாதிரி இருந்தது. வாசலில் ஒரு காவலாளி பையைத் துழாவினார். வெளிப் பண்டம் உள்ளே போகக் கூடாதென்று கடலையை எடுத்து வைத்துக்கொண்டார். சூசைநாதன் அவரிடம், "அப்ப படிக்கட்டுல மாட்டிக்குனா இன்னா பண்றது?" என்று கேட்டதற்கு, அவர் கல்பனாவைப் பார்த்தார்.

நகரும் படிக்கட்டின் அடியில் சூசைநாதன் செருப்பைக் கழற்றினான். தரை அப்படிப் பளபளத்தது, கோயில் என்றே நினைத்துவிட்டான் போலிருக்கிறது. கல்பனா போட்டுக்கச் சொன்னாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ முன்னால போ. உனக்குதான் பழக்கம்." எனக்கு என்ன பழக்கம்? எனக்கும் அது முதல் தடவை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் போல ஏறினோம். கால் நிமிடத்தில் மேலே போய்ச் சேர்ந்தோம். சூசைநாதன் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இப்ப வேகமாக்கிட்டான் போல" என்றான்.

நாலாவது மாடியில் தியேட்டர். கல்பனா செல்போனில் இருந்த டிக்கெட்டைக் காட்டி எங்களை உள்ளே கூட்டிப்போனாள். பிறகுதான் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. "ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்கப்பா, தோ வந்துடறன்" என்று கீழே போனாள்.

சூசைநாதன் நிற்கவில்லை. கதவு திறந்திருந்தது. திறந்த கதவைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரனுக்குக் கால் நிற்காது. "நான் போயி துண்டப் போடறன். அஞ்சி பேருக்குத்தான?" என்று கேட்டான். ஜெயசித்ராவையும் அவள் வீட்டுக்காரரையும் சேர்த்து எண்ணியிருக்கிறான். நான் தடுத்திருக்க வேண்டும். அதே நேரம் ஜெயசித்ரா தூரத்திலிருந்து, "அங்கிள்!" என்று கையாட்டிக்கொண்டு வந்தாள். நான் அவன் பக்கம் திரும்பாமலேயே "போ, போ" என்றேன். அவள் அவனைப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன். அப்போது எனக்கே அது சரியாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

சோளப்பொரி வாங்கிக்கொண்டு ஜெயசித்ரா, அவள் வீட்டுக்காரர், நான் மூவரும் உள்ளே போனபோது கடைசி வரிசையில் சத்தம் கேட்டது. படம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பாதி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நன்றாகச் சாய்ந்து படுக்கக்கூடிய பெரிய சீட்டுகள். ஒன்றில் சூசைநாதன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இரண்டு சீட்டில் சீட்டுக்கொரு துண்டு. அடுத்ததில் மஞ்சள் பை. கடைசியில் வைக்க ஒன்றும் கிடைக்காமல் ஒற்றைச் செருப்பு. எதிரே டிக்கெட்டோடு ஒரு குடும்பம் நின்றிருந்தது.

"துண்டு கெடக்குதில்ல, கண்ணு தெரியல?" என்று அவர்களிடம் அவன் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். "கொஞ்சம் சீக்கிரமா வந்திருக்கணும்பா. முன்னால எவ்ளோ எடம் காலியா கெடக்குது பாரு. போயி போட்டுக்குங்க."

"இது எங்க நம்பர் சார்."

"நம்பர் இருந்தா இன்னாப்பா? துண்டு இல்லையே."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பையன் செல்போனில் படம் எடுத்தான். டார்ச் விளக்கோடு தியேட்டர்காரர் ஒருவர் வந்தார்.

"பெரியவரே, உங்க டிக்கெட் எங்க?"

"பொண்ணு போன்ல இருக்குது."

"பொண்ணு எங்க?"

"கண்ணாடி எடுக்கப் போயிருக்குது. எங்க ஆளு ஒருத்தன் வருவான், அவன்கிட்ட கேளுங்க. அவனுக்கு இங்க எல்லாம் தெரியும்." சொல்லும்போதே படியில் நின்ற என்னைப் பார்த்துவிட்டான். திருவிழாவில் தொலைந்த பிள்ளை தகப்பனைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தது. "தோ வந்துட்டான்! டேய், நீயே சொல்றா இவங்களுக்கு, துண்டப் பத்தி!"

டார்ச் என் மேல் திரும்பியது. சிரித்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் திரும்பின. ஜெயசித்ரா என்னைப் பார்த்தாள். "உங்களையா அங்கிள் சொல்றாரு?"

"சார், இவரு உங்க கூட வந்தவரா?" என்றார் தியேட்டர்காரர்.

நான் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். ஆற்றில் முதலை என் வேட்டியைப் பிடித்து இழுத்ததையும், நான் வேட்டியை விட்டுவிட்டு வந்ததையும், மறுவருடம் அதே முதலை அதைத் துவைத்துக் காயவைத்திருந்ததையும் சொல்லியிருக்கிறேன். எல்லாம் பெரிய பெரிய பொய். அன்று சொன்னது சின்னப் பொய். ஒரு வார்த்தை.

"இல்லையே" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன்; சூசைநாதன் எட்டத்தில் இருந்தான். நான் சொன்னது கேட்டிருக்காது என்று இன்றைக்கும் ஒரு மனது சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவன் முகம் கேட்டுவிட்டது.

தியேட்டர்காரர் மஞ்சள் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: "தங்கவேல் – ஜெயா, மணிவிழா, ஒதியம்பட்டு. யாருங்க தங்கவேல்? இங்க தங்கவேல்னு யாராவது இருக்கீங்களா?"

எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர். ஓட்டுச் சீட்டில் இருக்கிற பெயர். கையில் சோளப்பொரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பொரி கீழே விழுந்தது. அதைத்தான் பார்த்தேன்.

சூசைநாதன் என்னைப் பார்த்தான். பிறகு பார்வையை எடுத்துவிட்டான். தியேட்டர்காரரிடம் மெதுவாகச் சொன்னான்:

"அவரு போயிச் சேந்துட்டாருங்க. ரொம்ப வருசம் பழக்கம். நல்ல மனுசன். நெனப்புக்குன்னு அந்தப் பைய வச்சினு இருக்கன்." பிறகு என் பக்கம் கையைக் காட்டினான். "இந்தய்யாவ எனக்குத் தெரியாது. இருட்டுல ஆள் மாறிப்போச்சி. மன்னிச்சிக்குங்க சார்."

என்னைப் பார்த்து "சார்" என்றான். கும்பிடவும் செய்தான்.

இரண்டு துண்டையும் மடித்தான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். தியேட்டர்காரர், செத்தவர் பெயரைக் கூவிவிட்டோமே என்று குரலை இறக்கிக்கொண்டு, "பரவால்ல பெரியவரே, வெளிய உக்காருங்க, உங்க பொண்ணு வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். அவன் என்னைக் கடந்து போனபோது அவன் தோள் என் தோளில் படாமல் இருக்க ஒதுங்கினான். அந்த வழி அவ்வளவு குறுகல் இல்லை.

"பாவம், கிராமத்து ஆளு" என்றாள் ஜெயசித்ரா. "ஒதியம்பட்டு உங்க பக்கமா அங்கிள்?"

"கேள்விப்பட்டதில்ல" என்றேன்.

விளக்கணைந்த பிறகு கல்பனா தடவிக்கொண்டு வந்தாள். "சூசை பெரிப்பா எங்கப்பா?"

"குளிர் ஒத்துக்கலன்னு வெளிய போயிட்டான்."

"தனியாவா? நான் போயி பாக்கறன்."

"வாணாம். அவனுக்கு எல்லாம் தெரியும். ஒக்காரு."

அது என்ன படம் என்று எனக்குத் தெரியாது. இரண்டரை மணி நேரம் ஓடியது. நாற்காலி சாய்ந்தது. நான் சாயவில்லை.

படம் முடிந்து நாங்கள் நால்வரும் கீழே வந்தபோது சூசைநாதன் வாசலுக்கு வெளியே, நடைபாதை ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வேலை முடிந்த அந்தக் காவலாளி. இருவருக்கும் நடுவில் என் வீட்டு மஞ்சள் பை. கடலையைத் திரும்ப வாங்கியிருக்கிறான். இரண்டு பேரும் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள், கால் மாட்டில் தோல் குவிந்து கிடந்தது.

"பெரிப்பா!" என்று கல்பனா ஓடினாள். "இன்னா பெரிப்பா, எங்ககிட்ட சொல்லாம! எப்படி எறங்கனீங்க?"

"நடந்துதாம்மா. நாலு மாடிதான. இவரு திண்டிவனத்துக்காரராம், பேசினு இருந்தன்."

ஜெயசித்ரா அவனைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இவரா?" என்று மட்டும் கேட்டாள். கல்பனா எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பார்த்துப் போங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஜெயசித்ரா வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு நடந்தாள். டீசன்ட் என்று சொன்னவள்.

சூசைநாதன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு என் பக்கம் வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் திட்டலாம், பிறகு சரியாகிவிடும்.

"படம் நல்லா இருந்துச்சா?" என்றான்.

மறுநாள் ஊர் திரும்புகிற பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தோம். கடல் தெரிகிற பக்கத்தை எனக்குக் கொடுத்தான். நாலு மணி நேரத்தில் அவன் பேசியது, "தண்ணி வேணுமா?" மட்டும். ஒதியம்பட்டில் இறங்கியதும் மஞ்சள் பையைக் கவிழ்த்துத் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டான். காலிப் பையை நாலாக மடித்து என்னிடம் நீட்டினான்.

"இத நீயே வச்சிக்க. பேரு போட்டிருக்குது. எனக்கு எதுக்கு?"

ஜெயா பையைப் பார்த்தாள். அதற்குள் மகள் ஜெயசித்ராவிடம் விசாரித்து, நடந்ததையெல்லாம் போனில் சொல்லிவிட்டிருந்தாள். "சூசை அண்ணன் இத குடுத்துட்டாரா?" என்றாள். ஆணியில் மாட்டினாள். "பதினோரு வருசம் அவரு வூட்ல கெடந்துது. இனிமே இங்க கெடக்கட்டும். தெனம் பாரு."

தினம் பார்த்தேன். சூசைநாதன் வரப்பில் வந்து உட்காரவில்லை. அவன் பக்கத்து மடையை அவன் திறந்தான், என் பக்கத்தை நான். எதிரே வந்தால் "சாப்ட்டியா?" என்பான். பொதுவாகச் சாப்பிட்டிருப்பேன்.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் வீரமணி கடைக்குப் போனேன். ஒன்பது பேரும் இருந்தார்கள். சூசைநாதன் கோடியில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

"மாமா, சென்னைக்குப் போயி வந்து ஒரு கதையும் வரலையே?" என்றான் வீரமணி.

சொன்னேன். நாற்காலி, துண்டு, ஒற்றைச் செருப்பு, டார்ச் விளக்கு. தியேட்டர்காரர் கேட்டதும் நான் "இல்லையே" என்றதும். என் பெயரைப் படித்ததும் நான் வாயைத் திறக்காமல் நின்றதும், சூசை என்னைச் செத்தவனாக்கியதும். வாழ்நாளில் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் நான் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீரமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாமா, முதலைய விட இது பிரமாதம்! செத்துட்டாருன்னு சொன்னாராமே! எப்டி மாமா இதெல்லாம் தோணுது உனக்கு?"

"கதை இல்லடா. நெசம். சூசையைக் கேளு."

எல்லாரும் சூசைநாதனைப் பார்த்தார்கள். அவன் டீயை வைத்தான்.

"பொய்யி" என்றான். "எனக்கு அன்னிக்கி வவுத்து வலி. நானாதான் எழுந்து வெளிய போனன். இவன் அப்டியெல்லாம் சொல்ற ஆளா?"

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எனக்குத் தெரிந்து சூசைநாதன் வாழ்க்கையில் சொன்ன பொய் இரண்டு. இரண்டும் என் மானத்துக்காக. சனிக்கிழமை மாதா கோயிலில் அதற்கும் சேர்த்து அவன்தானே முட்டி போட வேண்டும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை பாண்டிச்சேரி போகப் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கையில் மஞ்சள் பை. சூசைநாதனும் நின்றிருந்தான், மூட்டு வலிக்கு மருந்து வாங்கப் போகிறானாம். எனக்கும் அவனுக்கும் நடுவில் பத்துப் பேர். பஸ் வந்தது, ஏற்கெனவே நிறைந்த பஸ். அவன் மூட்டு வலியோடு இந்தக் கூட்டத்தில் ஏறுவதற்குள் நிற்கக்கூட இடம் இருக்காது. இறங்க எழுந்த ஒருத்தி ஜன்னல் ஓரச் சீட்டை விட்டு நகர்வதைப் பார்த்தேன். ஓடும் பஸ்ஸோடு நாலு எட்டு ஓடி, பையை ஜன்னல் வழியாக வீசினேன். சரியாக விழுந்தது.

உள்ளே ருக்குமணி நின்றிருந்தாள். நல்லவாட்டுக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் பக்கத்து ஊர்களில் விற்றுவிட்டுக் காலி அலுமினிய அன்னக்கூடையோடு திரும்புகிறவள். குரல் அலையையே அடக்கும். பையைத் தூக்கிப் பிடித்தாள்.

"யாருதுய்யா இந்தப் பை? தங்கவேலுன்னு போட்டிருக்குது. யாருய்யா அது தங்கவேலு?"

படிக்கட்டில் தொங்கியவர்கள், உள்ளே நின்றவர்கள், எல்லாரும் திரும்பினார்கள். கூட்டத்தில் முண்டி எனக்கு இரண்டு ஆள் தள்ளி வந்துவிட்ட சூசைநாதன் தலையைத் தூக்கினான். அவன் வாயைத் திறக்கிற மாதிரி இருந்தது. அவன் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"நான்தான்! தங்கவேலு நான்தான்! ஒதியம்பட்டு தங்கவேலு! அந்த எடம் எனக்கில்ல, சூசைநாதனுக்கு. என் கூட வந்தவன். என் கூட்டாளி!"

"அதுக்கு ஏன்யா இந்தக் கத்து கத்தற?" என்றாள் ருக்குமணி. "பஸ்ஸு வுழுந்துடப் போவுது."

மூச்சு வாங்கியது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகம் பற்றி எரிந்தது. தியேட்டரில் எரிந்திருக்க வேண்டியது, இரண்டு வாரம் கழித்து எரிந்தது.

சூசைநாதன் ஏறினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். நான் பின்னாலேயே போய் அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். ருக்குமணி பையை என் கையில் திணித்தாள்.

வில்லியனூர் தாண்டும் வரை அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு திரும்பாமலேயே கேட்டான்.

"உனக்கு ஒரு எடம் போடலையா?"

"ஒரு பைதான் இருந்துது."

"அப்ப நில்லு" என்றான்.

நின்றேன். வளைவு வந்தது. பஸ் சாய்ந்தது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை, நான் அவன் மேல் விழப் போனேன். நிற்கிறவன் கையில் இருப்பதை உட்கார்ந்திருப்பவன் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் பஸ்ஸில் வழக்கம். தெரியாத ஆளுக்கும் செய்வார்கள்.

சூசைநாதன் கையை நீட்டினான். "குடு இங்க."

கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டான். பெயர் எழுதிய பக்கம் மேலே இருந்தது. தைத்திருந்த காது மறுபடி பிரிந்திருந்தது. நான் வீசியதில் பிரிந்திருக்க வேண்டும். அவன் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பாண்டிச்சேரியில் இறங்கியபோது பை அவனிடமே இருந்தது. நான் கேட்கவில்லை.